பெரியவர்களும் மாயாஜால நாவல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்கு வாங்கிய புத்தகத்தைச் சும்மா புரட்டப்போய், அதைக் கீழே வைக்க முடியாமல் போன பெரியவர்கள் சென்னையில் நிறையப் பேர். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். கதையின் முக்கிய முடிச்சுகளைக் கூடியவரை அவிழ்க்காமல் எழுதியிருக்கிறோம்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கான மந்திரவாதிக் கதையை நான் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். ஹாரி பாட்டர் முதல் பாகம் 1997 ஜூனில் இங்கிலாந்தில் வெளிவந்தது. ரயிலில் அதை விரிக்கப் பெரியவர்கள் கூச்சப்பட வேண்டாமென்று, மறு ஆண்டே பதிப்பகம் கறுப்பு வெள்ளைப் புகைப்பட அட்டை போட்டு இன்னொரு பதிப்பு கொண்டுவந்தது. உள்ளே இருந்தது அதே கதைதான். 2000-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விற்பனைப் பட்டியலில் பெரியவர்களுக்கான நாவல்களின் இடத்தை இந்தத் தொடர் பிடித்துக்கொண்டதால், சிறுவர் நூல்களுக்கென்று தனிப் பட்டியலே தொடங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் மட்டும் வாங்கி இந்த நிலை வந்திருக்காது.

இதற்கு வெகுகாலம் முன்பே, 1939-இல், ‘ஹாபிட்’ நாவலை எழுதிய டோல்கீன் ஓர் உரையில் இதை விளக்கிவிட்டார். பெரியவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய மேசை நாற்காலிகள் பிள்ளைகளின் அறைக்குப் போய்ச் சேர்வதைப் போலத்தான் மாயக் கதைகளும் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன என்பது அவர் வாதம். நம் ஊரிலும் 1947-இல் சென்னையிலிருந்து வரத் தொடங்கிய அம்புலிமாமாவை வீட்டில் பெரியவர்களும் படித்தார்கள். விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் சங்கரின் ஓவியம் இன்றும் நினைவில் இருப்பவர்களுக்கு இந்த உலகம் புதிதே அல்ல.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

மந்திரக்கோலும் பறக்கும் துடைப்பமும் பத்து வயதுப் பிள்ளையைப் பிடித்திழுக்கும். பெரியவரைப் பிடித்து நிறுத்துவது மந்திரத்தின் சட்டதிட்டம். நல்ல மாயாஜால நாவலில் எதுவும் இலவசமாக நடக்காது. என்ன முடியும், என்ன முடியாது, செய்தால் என்ன விலை என்பதை எழுத்தாளர் முதலிலேயே தீர்மானித்துவிடுவார். அந்தச் சட்டத்தை மீறாமல் கதை எப்படி முடியப்போகிறது என்பதில்தான் வாசிப்பின் ருசி.

இ. நெஸ்பிட் 1902-இல் எழுதிய ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’ நாவலில், மணலுக்குள் வாழும் விசித்திரப் பிராணி ஒன்று பிள்ளைகள் கேட்கும் வரத்தைக் கொடுக்கும். சூரியன் மறைந்ததும் வரம் கலைந்துவிடும் என்பது சட்டம். பிள்ளைகள் பொன் கேட்கிறார்கள். குழி நிறையப் பொன் கிடைக்கிறது. ஆனால் அது வழக்கொழிந்த பழங்காலக் காசு, எந்தக் கடையிலும் செல்லவில்லை. பேரழகு கேட்டால், சொந்தத் தம்பிக்கே அடையாளம் தெரியாமல் போய், பசியோடு வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டிவருகிறது. பத்து வயதில் இது வெறும் வேடிக்கை. மாதத் தவணை கட்டும் வயதில் படித்தால் வேறு மாதிரி உறைக்கும்.

அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’ இன்னும் கண்டிப்பானது. ஒரு கூழாங்கல்லை வைரமாக மாற்றினாலும் உலகத்தின் சமநிலை மாறும் என்று அங்கே பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரிய மந்திரவாதியான ஓகியன் மழையை நிறுத்தத் தெரிந்தும் நிறுத்துவதில்லை. மரத்தடியில் படுத்து நனைகிறார். அவருடைய மாணவனுக்கு இது புரிவதில்லை. கர்வத்தில் அந்த மாணவன் செய்யும் ஒரு காரியத்துக்கு இன்னொருவர் உயிரைக் கொடுக்க நேர்கிறது. மீதி நாவல் முழுக்க அந்தக் கணக்கைத் தீர்ப்பதுதான். வல்லமை இருந்தும் பயன்படுத்தாமல் இருப்பது என்னவென்று, அலுவலகத்திலோ வீட்டிலோ அதிகாரம் கையில் வந்தவருக்குத்தான் நன்றாகப் புரியும்.

தமிழ் வாசகருக்குக் கூடுதலாக ஒரு சொத்து உண்டு. ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கூண்டுக் கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உயிரை உடலுக்கு வெளியே வைப்பதுதான் பாட்டர் தொடரின் பிற்பகுதியை நகர்த்தும் விசை. பிலிப் புல்மன் 1995-இல் எழுதிய ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலிலோ எல்லா மனிதர்களின் ஆன்மாவும் விலங்கு வடிவில் கூடவே நடக்கிறது. பிள்ளைகளின் விலங்கு நொடிக்கொரு வடிவம் எடுக்கும், பெரியவர்களுடையது ஒரே வடிவத்தில் நிலைத்துவிடும். தன் விலங்கு எதுவாக நிலைத்திருக்கும் என்று ஒரு பிள்ளை ஆசையாக யோசிக்கும். பெரியவர் யோசிக்கும்போது அது வேறு கேள்வி.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

அட்டையில் போட்டிருக்கும் வயதைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்று பாருங்கள். துப்பறியும் கதை பிடித்தவருக்குப் பாட்டர் தொடர் சரி. அதன் ஒவ்வொரு பாகமும் அடிப்படையில் ஒரு மர்மக் கதை. துப்புகள் கண்முன்னே போடப்பட்டிருக்கும். மௌனமும் அடர்த்தியும் உள்ள எழுத்து வேண்டுமென்றால் எர்த்ஸீ. சிரிக்க வேண்டுமென்றால் டயானா வின் ஜோன்ஸின் ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ (1986).

நாற்பது வயதுப் பெண்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இந்தக் கடைசி நூல்தான். மூன்று மகள்களில் மூத்தவளான சோஃபி, தனக்கு எந்த அதிர்ஷ்டமும் வராது என்று நம்பி, தொப்பிக் கடையில் முடங்கிக் கிடக்கிறாள். ஒரு சாபம் அவளைத் தொண்ணூறு வயதுக் கிழவியாக்கிவிடுகிறது. அதன்பிறகுதான் அவள் மனதில் பட்டதைப் பேசவே ஆரம்பிக்கிறாள்.

பாட்டர் முதல் பாகத்தில் ஐம்பது பக்கம் படித்தேன். சித்தி கொடுமை மாதிரிதான் போகிறது. விட்டுவிடலாமா?

ஏழாம் அத்தியாயம் வரை பொறுங்கள். மொத்தம் 17 அத்தியாயங்கள். பள்ளிக்குப் போகும் ரயில் ஆறாம் அத்தியாயத்தில்தான் கிளம்புகிறது, பள்ளிக்குள் கால் வைப்பது ஏழில். முன்பகுதியை வேண்டுமென்றே மிகைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். அதை யதார்த்த நாவலாகப் படித்தால் சலிக்கும், நாட்டார் கதையின் கொடுமைக்கார வீடாக எடுத்துக்கொண்டால் ஓடிவிடும். ஏழு முடிந்தும் பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் மூடிவிடுங்கள்.

மற்ற நூல்களிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. ‘ஹாபிட்’ நாவலில் நடுநடுவே வரும் பாட்டுகள். பிடிக்காவிட்டால் தாண்டலாம், கதை குறையாது. ‘நார்தர்ன் லைட்ஸ்’ முதல் பக்கத்திலேயே விளக்கம் இல்லாத சொற்களைக் கொட்டும். அகராதியைத் தேடாதீர்கள், பலவற்றுக்கு அகராதியில் பொருளே கிடைக்காது, இரண்டு மூன்று அத்தியாயத்தில் தானாகத் தெளியும். எர்த்ஸீயில் உரையாடல் குறைவு என்பதால் வேகமாகப் புரட்டினால் ஒன்றும் ஒட்டாது.

நார்னியாவை எந்த வரிசையில் படிப்பது? பெட்டியில் எண் 1 என்று ஒரு நூல், இணையத்தில் வேறொன்று சொல்கிறார்களே?

சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா தொடரில் ஏழு நூல்கள், 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கொன்றாக வந்தவை. முதலில் வந்தது ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’. இப்போது விற்கும் பெட்டித் தொகுப்புகளில், கதைக்குள் நடக்கும் கால வரிசைப்படி, 1955-இல் வந்த ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ எண் 1 ஆக இருக்கும். அதைப் பொருட்படுத்தாதீர்கள். ‘லயன்’ முதலில் படித்தால்தான் அலமாரிக்குப் பின்னால் பனியில் தெருவிளக்கு எரிவது உங்களுக்குப் புதிராக இருக்கும். ‘நெஃப்யூ’ அந்தப் புதிருக்கு விடை. விடையை முதலில் படித்தால் இரண்டு நூல்களும் கெடும்.

முதல் நூலின் சமர்ப்பணத்தைத் தவறவிடாதீர்கள். யாருக்காக எழுதத் தொடங்கினாரோ அந்தச் சிறுமி இதற்குள் வளர்ந்துவிட்டாள், ஆனாலும் தேவதைக் கதைகளை மறுபடி படிக்கும் வயது ஒருநாள் அவளுக்கு வரும் என்று சி. எஸ். லூயிஸ் அதில் சொல்கிறார்.

ஆங்கிலத்தில் நாவல் படித்துப் பழக்கமில்லை. சமாளிக்க முடியுமா?

முடியும். பழக்கப்படுத்திக்கொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது எங்கள் கருத்து. வாக்கியங்கள் சிறியவை, நிகழ்ச்சிகள் வேகமானவை. தடுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, பிரிட்டிஷ் விடுதிப் பள்ளி வாழ்க்கை. ‘ஹவுஸ்’ என்பது மாணவர்களைப் பிரிக்கும் அணி என்றும், ‘ப்ரீஃபெக்ட்’ என்பவர் சட்டாம்பிள்ளை என்றும் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். இரண்டு, பாட்டர் கதையில் வரும் ஹாக்ரிட் போன்றவர்களின் கொச்சைப் பேச்சு. கண்ணால் படித்தால் எழுத்துப்பிழை போலத் தெரியும், வாய்விட்டுப் படித்தால் புரியும். மூன்று, லத்தீன் வாடையடிக்கும் மந்திரங்கள். அவற்றுக்குப் பொருள் தேடாமல் ஒலியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக்கு ஐந்தாறு சொற்கள் தெரியாவிட்டாலும் நிறுத்தாதீர்கள். ஒரே சொல் மூன்றாம் முறை வந்து இன்னும் புரியவில்லை என்றால் மட்டும் அகராதியைப் பாருங்கள். ஒலிநூல் கேட்டுக்கொண்டே புத்தகத்தைப் பார்ப்பதும் நல்ல வழி. பாட்டர் தொடரின் பிரிட்டிஷ் ஒலிப்பதிவில் ஸ்டீஃபன் ஃப்ரை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுத்திருப்பார். சுருக்கப் பதிப்புகளை வாங்காதீர்கள். சுருக்கும்போது முதலில் போவது அந்தச் சட்டதிட்ட விவரங்கள்தான். அவை போனால் மிச்சம் வெறும் ஓட்டமும் துரத்தலும்.

தமிழிலேயே படிக்க என்ன இருக்கிறது?

பாட்டர் முதல் பாகம் தமிழில் வந்திருக்கிறது. நேரடித் தமிழில் வாண்டுமாமாவைத் தேடிப் படியுங்கள். 1925 முதல் 2014 வரை வாழ்ந்த அவர் மந்திரமும் சாகசமும் கலந்து ஏராளமாக எழுதியவர். எஸ். ராமகிருஷ்ணனின் ‘ஏழுதலை நகரம்’ சிறுவர்களுக்கான மாய நாவல். விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராஜன் கதையையும் மறுபடி கையில் எடுங்கள். ஒரு பெரியவர் வாசிக்கக்கூடிய சிக்கலும் தர்மசங்கடமும் அவற்றில் இருக்கின்றன. வேதாளத்தின் கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். இதைவிடக் கச்சிதமான மாயச் சட்டம் எந்த மொழியிலும் அரிது. ஆனால் எழுத்தாளரே ஓர் உலகத்தை முழுதாக உருவாக்கி, அதன் நிலப்படம் போட்டு, பல பாகங்களுக்கு நீட்டும் நாவல் தமிழில் குறைவு. அந்த ருசிக்கு ஆங்கிலத்துக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது.

வேலைக்குப் போய்க்கொண்டே முடிக்க எத்தனை நாள் ஆகும்?

நிமிடத்துக்கு 150 சொல் என்ற நிதான வேகத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். ‘லயன்’ சுமார் 38,000 சொற்கள், நாலேகால் மணி நேரம். பாட்டர் முதல் பாகம் சுமார் 77,000, எட்டரை மணி நேரம். ‘ஹாபிட்’ சுமார் 95,000, பத்தரை மணி நேரம். பாட்டர் ஐந்தாம் பாகம் சுமார் 2,57,000, ஏறக்குறைய இருபத்தெட்டரை மணி நேரம்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். உட்கார இடம் கிடைத்து, போகவர நாளொன்றுக்கு 40 நிமிடம் படித்தால் பாட்டர் முதல் பாகம் 13 நாளில் முடியும். பலர் திணறுவது ஐந்தாம் பாகத்தில். இங்கிலாந்துப் பதிப்பில் அது 766 பக்கம், நின்றுகொண்டு ஒரு கையில் பிடிக்க முடியாது. அதை வீட்டில் வைத்துவிட்டு, ரயிலுக்குக் கிண்டிலோ கைபேசியோ எடுத்துச் செல்லுங்கள். வெள்ளெழுத்து தொடங்கியவர்களுக்கும் அதுவே வசதி, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். விதிவிலக்கு ஜொனாதன் ஸ்ட்ரௌடின் ‘தி அமுலெட் ஆஃப் சமர்கண்ட்’ (2003). அதில் பூதம் தன் சாமர்த்தியத்தை அடிக்குறிப்புகளில் பேசும். திரையில் ஒவ்வொன்றுக்கும் தாவித் திரும்புவது எரிச்சல், அதை அச்சில் படியுங்கள்.

சென்னையில் எங்கே கிடைக்கும்?

வாங்குமுன் நூலகத்தில் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு முதல் தளத்தில் இருக்கிறது. லெ குவின், புல்மன் போன்றவர்களின் நூல்கள் சிறுவர் பிரிவிலும் மேல்தளத்து ஆங்கில இலக்கியத்திலும் பிரிந்து கிடக்கலாம். ஆகவே அட்டவணைக் கணினியில் எழுத்தாளர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எழும்பூர் கன்னிமாரா, அண்ணாசாலை தேவநேயப் பாவாணர் நூலகம் இரண்டும் நல்ல இடங்கள்.

புதிதாக வாங்க, 1844-இல் தொடங்கிய அண்ணாசாலை ஹிக்கின்பாதம்ஸ் இருக்கிறது. சிறுவர் தமிழ் நூல்களுக்குத் தேனாம்பேட்டை இளங்கோ சாலையில் பாரதி புத்தகாலயம். பொங்கலையொட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடக்கும் புத்தகக் காட்சியில் வழக்கமாகப் பத்து சதவீதக் கழிவு உண்டு. பெட்டித் தொகுப்பு வாங்க அது நல்ல நேரம். ஆனால் ஏழு பாகத்தையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். முதலாவது பிடித்த பிறகு மீதியை வாங்கலாம். நெஸ்பிட் 1924-இல் காலமானவர், அவருடைய நூல்கள் காப்புரிமை நீங்கியவை. குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

இரண்டு பெயர் கொண்ட நூல்களில் கவனம் தேவை. ‘நார்தர்ன் லைட்ஸ்’ அமெரிக்காவில் ‘தி கோல்டன் காம்பஸ்’. பாட்டர் முதல் பாகத்தின் ‘ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்’ அங்கே ‘ஸார்ஸரர்ஸ் ஸ்டோன்’. தெரியாமல் இரண்டையும் வாங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

பழைய புத்தகமா, திருட்டு அச்சா என்று பாருங்கள். மூர் மார்க்கெட் வளாகம், லஸ், திருவல்லிக்கேணி பக்கம் நல்ல பழைய பிரதிகள் கிடைக்கும். திருட்டு அச்சு வேறு. நகலெடுத்து அச்சடிப்பதால் எழுத்தின் ஓரம் மங்கித் தடித்திருக்கும், நிலப்படத்தில் ஊர்ப் பெயர்கள் படிக்க வராது. அசல் அட்டையில் மேடாக இருக்க வேண்டிய தலைப்பு, விரலால் தடவினால் தட்டையாக இருக்கும். நடுவில் விரித்தால் பசை விட்டுத் தாள் கையோடு வரும். எல்லாவற்றையும்விட மோசம் பக்கம் விடுபடுவது. தாள்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும்போது ஒரு கட்டு தவறினால் பதினாறோ முப்பத்திரண்டோ பக்கம் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகும். மர்மக் கதையில் அது மரண அடி. வாங்குமுன் பக்க எண்களை வேகமாக ஓட்டிப் பாருங்கள், கடைசி முப்பது பக்கத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

படமெல்லாம் பார்த்தாயிற்று. இனிப் படிக்க என்ன இருக்கிறது?

நிறைய. பள்ளிக்கூடத்தை அலறவைக்கும் பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் பாட்டர் படங்களில் எங்கேயும் வராது. வீட்டு வேலை செய்யும் எல்ஃப்களுக்கு உரிமை கேட்டு ஹாரியின் தோழி ஹெர்மயனி சங்கம் தொடங்குவதும் இல்லை. சம்பளமில்லாமல் உழைப்பவர்களே விடுதலை வேண்டாமென்று சொல்லும் அந்தச் சங்கடமான பகுதி, பெரியவர்கள் அசைபோட வேண்டியது. முன்னுரையும் பின்னட்டையும் கதையை உடைக்கும் என்பதால் அவற்றைக் கடைசியில் படியுங்கள்.

பிள்ளையோடு சேர்ந்து படிக்கலாமா?

வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பாட்டர் முதல் பாகத்தின் ஓர் அத்தியாயத்துக்கு அரை மணி நேரம், தூங்குமுன் அளவாக இருக்கும். பிள்ளை தூங்கிய பின் நீங்கள் மட்டும் முன்னால் ஓடிவிடாதீர்கள். அடுத்து என்ன என்று இருவருக்கும் தெரியாமல் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். நான்காம் பாகத்தின் முடிவிலிருந்து மரணங்கள் நெருக்கத்தில் வரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்றோடு நிறுத்தி, ஓரிரண்டு வருடம் கழித்துத் தொடரலாம். நீதி கேட்காதீர்கள், பரீட்சை வைக்காதீர்கள்.

‘பில்லி சூனியமெல்லாம் வீட்டில் படிக்காதே’ என்கிறார் மாமியார்.

இந்தக் கதைகளின் மந்திரத்தை யாரும் செய்துபார்க்க முடியாது. செய்முறையும் அவற்றில் இல்லை. லூயிஸ், டோல்கீன் இருவருமே ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உள்ளவர்கள். வாதம் செய்வதைவிட, மணல் பிராணியின் வரக் கதையைத் தமிழில் அவருக்கு ஒருநாள் சொல்லிப் பாருங்கள். அதே போன்ற கதை ஒன்று அவரிடமிருந்தும் வரும்.

முதல் தொடர் முடிந்துவிட்டது. அடுத்து எதை எடுத்தாலும் ஒட்டவில்லை. என்ன செய்வது?

இது எல்லாருக்கும் நேர்வது. முடித்த நூலைப் போலவே இன்னொன்றைத் தேடுவதால்தான் ஒட்டுவதில்லை. மாயப் பள்ளிக்குப் பின் இன்னொரு மாயப் பள்ளியை எடுக்காதீர்கள். நூறு பக்கம் தாண்டாத ஏதாவதொரு யதார்த்தக் கதையை இடையில் படித்துவிட்டு, எதிர்த் திசையில் உள்ள ஒன்றை எடுங்கள். பாட்டர் முடித்தவருக்கு எர்த்ஸீ பொருந்தும். எர்த்ஸீ முதல் மூன்று நூல்களும் 1968, 1971, 1972 ஆண்டுகளில் வந்தவை. லெ குவின் பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 1990-இல் நான்காவதாக ‘தெஹானு’ எழுதினார். அதன் நாயகி நடுவயது விதவை. இரண்டாம் நூலில் சிறுமியாகப் பார்த்தவள் இப்போது பண்ணையைக் கவனிக்கிறாள், தீயில் வெந்த ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். முதல் நூலில் மாணவனாக இருந்து பெரும் மந்திரவாதியானவனோ சக்தி முழுவதையும் இழந்து அவள் வீட்டு வாசலுக்கு வருகிறான். முதல் மூன்றைப் படிக்காமல் இதற்குத் தாவாதீர்கள். அவன் எதையெல்லாம் இழந்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரியும்.